சந்தாபுரா வானில் ராணுவ ஹெலிகாப்டர்கள்: வீட்டின் உயரத்துக்கு விதி உண்டு, மேலே பறப்பது குறித்துத் தகவல் இல்லை

பெங்களூரு: ஓசூர் சாலையில், தமிழ்நாட்டு எல்லையான அத்திப்பள்ளிக்குச் சற்று முன்னால் இருக்கும் சந்தாபுராவில் ஹெலிகாப்டர் ஓசை புதுமையான ஒன்றல்ல. கட்டிடங்களுக்கு மேலாக ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று தாழ்வாகக் கடந்து செல்வதும், சிறிது நேரத்தில் அதுவோ அதைப் போன்ற மற்றொன்றோ திரும்பி வருவதும் பெங்களூருவின் கிழக்கு, தெற்குப் பகுதிகளில் வசிப்போருக்குப் பழகிய காட்சி. பழகிவிட்டது என்பதற்காக அதுகுறித்த கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. இவ்வளவு நெரிசலான குடியிருப்புகளின் மேல் ஏன் இத்தனை முறை பறக்க வேண்டும், ஒன்று பழுதானால் எங்கே இறங்கும், புகார் இருந்தால் யாரிடம் சொல்வது ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை.

முதல் கேள்விக்கான விடை பெங்களூருவின் வரலாற்றிலேயே இருக்கிறது. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் 1940ஆம் ஆண்டு மைசூர் அரசின் ஆதரவுடன் தொடங்கிய விமானத் தொழிற்சாலையே இன்றைய ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், சுருக்கமாக ஹெச்.ஏ.எல். அப்போது நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம். தொழிற்சாலையும் ஓடுபாதையும் நகருக்கு வெளியே, வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே அமைந்தன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூரு மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 84 லட்சம் பேர் இருந்தனர். இன்று அந்த ஓடுபாதையின் ஒரு முனையில் முருகேஷ்பாளையமும் மறுமுனையில் மாரத்தஹள்ளியும் நெருக்கியடித்து நிற்கின்றன. விமானங்கள் நகரைத் தேடி வரவில்லை, நகர்தான் விமானங்களைச் சூழ்ந்துகொண்டது என்று பாதுகாப்புத் துறையை ஆதரிப்போர் கூறுவது உண்மையே. ஆனால் அங்கு வீடு கட்டிக்கொள்ள அனுமதி வழங்கியதும் அரசு அமைப்புகள்தான்.

2008ஆம் ஆண்டு மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டதும், ஹெச்.ஏ.எல். நிலையத்தில் பயணிகள் விமானச் சேவை நின்றது. நகரின் நடுவே இருந்த விமான நிலையம் மூடப்பட்டுவிட்டதாகவே அன்று பலர் எண்ணினர். உண்மையில் அது முழுமையாக ராணுவச் சோதனைகளுக்கும் தனியார் சிறு விமானங்களுக்கும் முக்கியப் பிரமுகர்களின் பயணத்துக்கும் உரிய தளமாக மாறியது.

ஒரு ஹெலிகாப்டருக்கு எத்தனை பறப்புகள்?

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஹெலிகாப்டர் நேராகப் படைப்பிரிவுக்குச் சென்றுவிடுவதில்லை. முதலில் தரையில் நிறுத்தி இன்ஜின் ஓட்டப்படும். அதன்பின் சில அடி உயரத்தில் அந்தரத்தில் நிறுத்திப் பார்க்கப்படும். சுழலும் இறக்கைகள் அனைத்தும் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா, அதிர்வு வரம்புக்குள் இருக்கிறதா என்பது மீண்டும் மீண்டும் சரிபார்க்கப்படும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஒரு பறப்பு தேவைப்படும். நிறுவனத்தின் சோதனை விமானிகள் நிறைவு கொண்ட பின்னர், அதைப் பெறவிருக்கும் படையின் விமானிகள் தங்கள் பங்குக்கு ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொள்வர். பழுதுபார்ப்புக்கு வந்து திரும்பும் பழைய ஹெலிகாப்டர்களுக்கும் ஏறக்குறைய இதே நடைமுறைதான்.

இவற்றோடு விமானப்படையின் விமான மற்றும் அமைப்புகள் சோதனை நிறுவனமும் அதன் சோதனை விமானிகள் பள்ளியும் அதே நிலையத்தில் இயங்குகின்றன. நகரின் வடக்கே எலகங்கா விமானப்படைத் தளத்தில் போக்குவரத்து விமானப் பயிற்சியும் எம்.ஐ.17 ஹெலிகாப்டர் பயிற்சியும் நடைபெறுகின்றன. இந்தப் பறப்புகள் யாருடைய அலட்சியத்தாலும் நகரின் மேல் நடப்பவை அல்ல. நாட்டின் ஹெலிகாப்டர் தொழிலின் மையம் பெங்களூருவாக இருப்பதன் நேரடி விளைவு இது.

இந்த எண்ணிக்கை இனி உயரவே வாய்ப்புள்ளது. 2024 மார்ச் மாதம் ராணுவத்துக்கும் கடலோரக் காவல்படைக்கும் 34 துருவ் ஹெலிகாப்டர்கள் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு ஓராண்டு கழித்து, 2025 மார்ச் 28 அன்று, 156 பிரசந்த் தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு 62,700 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. இவற்றில் 90 தரைப்படைக்கும் 66 விமானப்படைக்கும் உரியவை. அவை பெங்களூருவிலும் துமகூருவிலும் தயாரிக்கப்படும் என்று அரசு அறிவித்துள்ளது. 187 இலகுரக பயன்பாட்டு ஹெலிகாப்டர்கள் வாங்கும் திட்டம் வேறு இருக்கிறது. தேஜஸ் போர் விமானத்துக்கு 2021இல் 83, 2025 செப்டம்பரில் 97 எனக் குவிந்துள்ள ஆணைகள் தனிக் கணக்கு.

திறந்தவெளி காப்பாற்றிய நகரம்

அச்சம் மிகையானதா என்பதை மதிப்பிட, பெங்களூருவின் கடந்த கால விபத்துகளைப் பார்ப்பது உதவும். 1990 பிப்ரவரி 14 அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ320 விமானம் ஹெச்.ஏ.எல். ஓடுபாதைக்கு முன்பாகவே தரைதட்டியதில், பயணம் செய்த 146 பேரில் 92 பேர் உயிரிழந்தனர். அது விழுந்த இடம் கோல்ஃப் மைதானம். 2007 பிப்ரவரியில் ஏரோ இந்தியா கண்காட்சி ஒத்திகையின்போது எலகங்காவில் சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து விமானி ஒருவர் இறந்தார். 2009 மார்ச் மாதம் சரஸ் சோதனை விமானம் பிடதி அருகே திறந்த நிலத்தில் விழுந்து மூவர் உயிரிழந்தனர்.

2019 பிப்ரவரி மாதம் நகருக்கு இரட்டை அதிர்ச்சியைத் தந்தது. மாதத்தின் முதல் நாளில், மேம்படுத்தப்பட்ட மிராஜ் 2000 விமானம் ஏற்புச் சோதனையின்போது ஹெச்.ஏ.எல். நிலையத்திலேயே விபத்துக்குள்ளாகி இரு விமானிகள் மாண்டனர். 19ஆம் தேதி சூர்யகிரண் குழுவின் இரு விமானங்கள் ஒத்திகையில் மோதிக்கொண்டதில் ஒரு விமானி இறந்தார். சிதைவுகள் எலகங்கா குடியிருப்புகளுக்கு மிக அருகில் விழுந்தன. 2023 ஜூன் மாதம் பெங்களூருவிலிருந்து புறப்பட்ட கிரண் பயிற்சி விமானம் சாமராஜநகர் மாவட்டத்தில் வயல்வெளியில் விழுந்தது. இரு விமானிகளும் குதித்து உயிர் தப்பினர். 2025 நவம்பரில் தாம்பரம் தளத்தின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் திருப்போரூர் அருகே சதுப்பு நிலத்தில் விழுந்தபோதும் விமானி பிழைத்தார்.

இந்தப் பட்டியலைப் பார்த்து ஆறுதல் கொள்வோர் இருக்கலாம், தரையில் இருந்தவர்களுக்குப் பெரும் உயிர்ச்சேதம் நேரவில்லை என்பதால். அதற்குக் காரணம் கோல்ஃப் மைதானமும் வயலும் சதுப்பும்தான். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தபோது தரையில் இருந்த 19 பேர் இறந்தனர். அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேச விமானப்படையின் பயிற்சி விமானம் உத்தரா பகுதியில் ஒரு பள்ளியின் மேல் விழுந்ததில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், அவர்களில் பெரும்பாலானோர் குழந்தைகள்.

ஹெலிகாப்டருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. இன்ஜின் நின்றுபோனாலும், கீழிறங்கும்போது எதிர்ப்படும் காற்றின் விசையில் இறக்கைகள் சுழன்றுகொண்டே இருக்கும். தேர்ந்த விமானி அதைப் பயன்படுத்தி மெதுவாகத் தரையிறக்கிவிட முடியும். ஆனால் அதற்குப் போதிய உயரமும், கீழே ஒரு மைதானமளவு வெற்றிடமும் வேண்டும். பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் ஆனேக்கல் சாலைக்கும் இடையே நாளுக்கு நாள் முளைக்கும் அடுக்குமாடிகள் அந்த இடத்தைத்தான் விழுங்கிவருகின்றன. 2025 ஆகஸ்ட் 11 முதல் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கிய பின் இந்தப் பகுதியில் கட்டுமானம் மேலும் நெருங்கும் என்பதில் ஐயமில்லை.

பறப்பது எந்த ஹெலிகாப்டர் என்பதும் முக்கியம். துருவ், பிரசந்த் இரண்டுக்கும் இரட்டை இன்ஜின்கள். சேத்தக், சீட்டா ஆகிய பழைய ரகங்களுக்கும் அவற்றுக்கு மாற்றாக வரவிருக்கும் இலகுரக பயன்பாட்டு ஹெலிகாப்டருக்கும் ஒற்றை இன்ஜின்தான். லண்டன் நகர மையத்தில் ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர்கள் தேம்ஸ் நதியின் போக்கை ஒட்டி வகுக்கப்பட்ட பாதைகளிலேயே செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. பெங்களூருவுக்கு நதி கிடையாது. ஆனால் பெல்லந்தூர், வர்த்தூர் போன்ற பேரேரிகள் ஹெச்.ஏ.எல். நிலையத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. அத்தகைய நீர்ப்பரப்புகளையும் ராணுவ நிலங்களையும் இணைத்து ஒரு பாதை வகுக்கப்பட்டிருந்தால், அது பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய செய்தி.

துருவ் எழுப்பிய ஐயம்

இரட்டை இன்ஜின் இருப்பது எல்லாப் பழுதுகளுக்கும் தீர்வல்ல. 2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் உயிரிழந்தனர். சுழலும் இறக்கைகளின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்வாஷ்பிளேட் என்ற பாகத்தில் முறிவு ஏற்பட்டிருந்தது தொடக்க விசாரணையில் தெரியவந்தது. அந்தப் பாகம் உடைந்தால் இன்ஜின்கள் இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் விமானிக்குக் கட்டுப்பாடு இல்லாமல் போகும். முப்படைகளிலும் கடலோரக் காவல்படையிலும் இருந்த சுமார் 330 துருவ் ஹெலிகாப்டர்களும் பறப்பதிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டன. தரைப்படை, விமானப்படைக்கு உரியவை மே மாதத்தில்தான் மீண்டும் அனுமதி பெற்றன.

அந்த நிறுத்தம் ஒரு வகையில் நம்பிக்கை தரும் செய்தி. ஐயம் எழுந்தவுடன் ஒட்டுமொத்தத் தொகுதியையும் தரையிறக்கும் துணிவு அமைப்புக்கு இருக்கிறது என்பதை அது காட்டியது. ராணுவ விமானங்களின் பறக்கும் தகுதியைச் சான்றளிக்கும் செமிலாக் அமைப்பின் தலைமையகமும் பெங்களூருவில்தான் உள்ளது. ஆனால் சோதனைப் பறப்பு என்பதே, குறை இருந்தால் கண்டுபிடிப்பதற்காக நடத்தப்படுவது. படையில் சேர்ந்து ஆயிரம் மணி நேரம் பறந்து தேறிய ஹெலிகாப்டரும், நேற்று தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெலிகாப்டரும் கீழே இருப்பவரின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இடர் மட்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

சட்டம் எந்தப் பக்கம்?

விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை கட்டிட உயரத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசின் 2015ஆம் ஆண்டு விதிகள் வகை செய்கின்றன. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்ட விரும்புவோர் ஹெச்.ஏ.எல்.லின் தடையில்லாச் சான்று பெற வேண்டும். சந்தாபுரா ஹெச்.ஏ.எல். நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில், அந்த வட்டத்தின் விளிம்புக்குள் வருகிறது. விமானத்துக்கு வீடு இடையூறாக இருக்கக்கூடாது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது.

எதிர்த்திசையில் அந்தத் தெளிவு இல்லை. நெரிசலான பகுதியின் மேல் பறக்கும்போது, 600 மீட்டர் சுற்றளவில் உள்ள மிக உயரமான தடையிலிருந்து குறைந்தது 300 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் பொதுவிதி. அது குடிமை விமானங்களுக்கு உரியது. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம் முப்படைகளின் விமானங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருந்தது. அதற்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதிநியமும் அந்த விலக்கைத் தொடர்கிறது. ராணுவத்துக்கு உள்விதிகள் கட்டாயம் உண்டு. அவை எவ்வளவு உயரத்தை, எந்த நேரத்தைக் குறிப்பிடுகின்றன என்பதைக் கீழே வசிப்பவர் அறிய வழியில்லை.

ஒலியின் நிலையும் இதுதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வைத்துள்ளன. விமான நிலையங்களுக்கென 2018இல் வகுக்கப்பட்ட தனி வரம்புகள் குடிமை விமான நிலையங்களைக் கருத்தில் கொண்டவை. ஹெலிகாப்டரின் ஓசை தாழ்ந்த அதிர்வெண் கொண்டது என்பதால் மூடிய சன்னல்களையும் கடந்து வீட்டுக்குள் அதிர்வாக உணரப்படும். ஓசூர் சாலையின் லாரி இரைச்சலுக்குப் பழகியவர்களுக்கு இது பெரிதல்ல என்று சொல்லிவிடலாம். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் தொழிற்பேட்டைத் தொழிலாளியும், கைக்குழந்தை உள்ள வீடும் அவ்வாறு சொல்லமாட்டா. இவர்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

புகார் தெரிவிக்க விரும்புவோருக்கு மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளம் இருக்கிறது. ஓய்வூதியக் கோரிக்கைக்கும் தாழ்வாகப் பறந்த ஹெலிகாப்டருக்கும் அங்கு ஒரே வாசல்தான்.

மற்ற நாடுகளில்

பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம், எந்தெந்தப் பயிற்சிப் பகுதிகளில் எப்போது தாழ்வாகப் பறத்தல் நடைபெறும் என்ற கால அட்டவணையை முன்கூட்டியே இணையத்தில் வெளியிடுகிறது. ஹெலிகாப்டருக்கு 500 அடிக்குக் கீழே பறப்பது 'தாழ்வு' என்று வரையறுத்து, புகார்களுக்கெனத் தனித் தொடர்பும் வைத்திருக்கிறது. இதனால் அந்நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு நேர்ந்ததாக யாரும் கூறவில்லை.

ஜப்பானின் ஒகினாவா தீவில் நிலைமை வேறு. கினோவன் நகரின் நடுவே அமெரிக்காவின் ஃபுடென்மா தளம் அமைந்துள்ளது. 2004 ஆகஸ்ட் மாதம் அங்கிருந்து பறந்த ஹெலிகாப்டர் அருகிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்தது. 2017 டிசம்பரில் மற்றொரு ஹெலிகாப்டரின் சன்னல் கழன்று, மாணவர்கள் இருந்த தொடக்கப்பள்ளி மைதானத்தில் விழுந்தது. தளத்தைத் திருப்பித் தர இரு நாடுகளும் 1996இல் ஒப்புக்கொண்டும் இன்றுவரை அது நிறைவேறவில்லை. ஒலித் தொல்லைக்கு ஜப்பான் அரசு இழப்பீடு தர நீதிமன்றங்கள் உத்தரவிட்டன. பறப்பதை நிறுத்த உத்தரவிட மறுத்துவிட்டன. அங்கு தளம் அந்நிய நாட்டினுடையது என்பதால் எதிர்ப்பு அரசியலாகிவிட்டது. பெங்களூருவில் ஹெச்.ஏ.எல். உள்ளூர் மக்களுக்குப் பெருமையும் வேலைவாய்ப்பும் தந்த நிறுவனம். அந்த நல்லெண்ணம் இருக்கும்போதே பேசித் தீர்ப்பது எளிது.

அமெரிக்காவின் அனுபவம் எண்களின் வலிமையைக் காட்டுகிறது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் தரையிறங்கவிருந்த பயணிகள் விமானத்துடன் மோதி 67 பேர் இறந்தனர். அதன்பின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பழைய தரவுகளை ஆராய்ந்தபோது, அந்த விமான நிலையத்தின் அருகே 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை ஹெலிகாப்டர்களும் விமானங்களும் ஒன்றையொன்று நெருங்கிய நிகழ்வுகள் 15,214 எனத் தெரிந்தது. எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் பதிவாகிக்கொண்டே இருந்தது, படித்துப் பார்ப்பவர்தான் இல்லை. விபத்து நடந்து ஆறு வாரங்களுக்குள் அந்த எண் பொதுவெளிக்கு வந்துவிட்டது.

இந்தியாவில் குன்னூர் விபத்தை இதனுடன் ஒப்பிடலாம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற எம்.ஐ.17 ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் உயிரிழந்தனர். எதிர்பாராத வானிலை மாற்றத்தால் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானி திசையுணர்வை இழந்தார் என்று மறு மாதம் விமானப்படை சுருக்கமாக அறிவித்தது. முழு அறிக்கை வெளியாகவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் இடம்பெற்ற அட்டவணையில் அந்த விபத்துக்கு நேராக 'மனிதப் பிழை' என்ற குறிப்பு மட்டும் இருந்தது. 2017 முதல் 2022 வரை நிகழ்ந்த 34 விமானப்படை விபத்துகளின் காரணங்கள் இவ்வாறே ஒரு வரிக்குள் அடங்கின.

ஓசூரையும் தொடும் வான்வெளி

எல்லைக்கு இந்தப் பக்கமும் இதே வான்வெளி வேறு வடிவில் பேசப்படுகிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சராக மு.க.ஸ்டாலின் 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். ஓசூரைச் சுற்றியுள்ள வான்வெளியின் கட்டுப்பாடு ஹெச்.ஏ.எல்.லிடம் இருப்பதால், பாதுகாப்புத் துறையின் இசைவின்றித் திட்டம் நகர முடியாது. பெங்களூரு விமான நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய விமான நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் மற்றொரு தடை. கர்நாடக அரசும் தன் பங்குக்கு இரண்டாவது விமான நிலையத்துக்குக் கனகபுரா சாலையில் இடம் பார்த்திருக்கிறது. சோதனைப் பறப்புகளுக்குத் தேவைப்படும் வானம், பயணிகள் விமானங்களுக்குத் தேவைப்படும் வானம், இரண்டின் கீழும் பெருகும் வீடுகள் ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு எந்த ஒரு அமைப்பிடமும் இல்லை என்பதே இந்த இழுபறியின் வேர்.

ஒரு மாற்று ஏற்கெனவே கட்டிமுடிக்கப்பட்டிருக்கிறது. துமகூரு மாவட்டம் குப்பி வட்டத்தில் 615 ஏக்கர் பரப்பில் அமைந்த ஹெச்.ஏ.எல். ஹெலிகாப்டர் தொழிற்சாலையைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 பிப்ரவரி 6 அன்று திறந்துவைத்தார். ஆண்டுக்கு 30 ஹெலிகாப்டர்களில் தொடங்கி, படிப்படியாக 60, 90 என உயர்த்துவது திட்டம். புதிய ஹெலிகாப்டர்களின் முதல் சில பறப்புகளையாவது, அதாவது குறை வெளிப்பட அதிக வாய்ப்புள்ள பறப்புகளை, அங்கு நடத்துவது நகரின் மீதான சுமையைக் கணிசமாகக் குறைக்கும். டாக்கா விபத்தை ஆராய்ந்த வங்கதேச ஆணையமும் தொடக்கநிலைப் பயிற்சிகளைத் தலைநகருக்கு வெளியே நடத்தவே பரிந்துரைத்தது. அதற்கு முன்பாகச் செய்யக்கூடிய எளிய காரியங்களும் உள்ளன. வாராந்திரப் பறப்பு நேரங்களை உள்ளூர் நிர்வாகங்களுக்குத் தெரிவிப்பது, ஒரு தொலைபேசி எண்ணை அறிவிப்பது, ஆண்டுக்கு ஒருமுறை நகரின் மேல் நடந்த பறப்புகளின் எண்ணிக்கையை வெளியிடுவது ஆகிய மூன்றிலும் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. தினமும் வானில் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதைத்தான் அவை எழுத்தில் தருகின்றன.

ஒப்பந்தப்படி 156 பிரசந்த் ஹெலிகாப்டர்களின் விநியோகம் மூன்றாம் ஆண்டில் தொடங்கி அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் தொடரும். முதல் ஹெலிகாப்டர்கள் சோதனைக்கு மேலெழும்போது, அவற்றில் எத்தனை துமகூருவிலிருந்தும் எத்தனை ஹெச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்தும் பறக்கும் என்பது இதுவரை அறிவிக்கப்படவில்லை.